வெளிநாட்டில் கணைய பயாப்ஸி: டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து அறிக்கை கைக்கு வரும்வரை

ஸ்கேன் அறிக்கையில் 'கணையத்தில் கட்டி' என்ற வரியைப் படித்த அன்று மாலையே வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு மின்னஞ்சல் பறக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயாப்ஸிக்காக, அதாவது கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பதற்காக, நாடு விட்டு நாடு போய் ஊசி குத்திக்கொண்டு வருவதோடு காரியம் முடிந்துவிடாது. எடுத்த திசு போதுமானதாக இருக்க வேண்டும். அதைப் படிப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும். திசுவும் படங்களும் நோயாளியோடு திரும்பி வர வேண்டும். வந்த பிறகு அவற்றை வைத்து முடிவெடுக்க ஒரு மருத்துவர் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் எது விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1. பயாப்ஸி உண்மையிலேயே தேவையா?

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் 15 செ.மீ. நீளத்தில் கிடக்கிறது. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்திருக்கிறது. வால்பகுதி மண்ணீரல் வரை நீள்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் அதை உரசிக்கொண்டு ஓடுகின்றன. மார்பகக் கட்டியிலோ தைராய்டு கட்டியிலோ ஊசி போடுவது போல அங்கே எளிதாக எட்டிவிட முடியாது. அதனால், தேவையில்லாதபோது ஊசி போடக் கூடாது என்பதில் நல்ல மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

கட்டி ஒரே இடத்தில் இருக்கிறது, அறுவை சிகிச்சையால் எடுத்துவிடலாம், சி.டி. படம் புற்றுநோய்க்கே உரிய தோற்றத்தைக் காட்டுகிறது என்றால், பயாப்ஸி இல்லாமலே நேராக அறுவை சிகிச்சைக்குப் போவது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. காரணம் எளியது. பயாப்ஸியில் 'புற்றணுக்கள் தென்படவில்லை' என்று வந்தாலும் அறுவை மருத்துவர் அதை நம்பிக் கட்டியை உள்ளே விட்டுவைக்கப் போவதில்லை. எந்த முடிவு வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தப் பரிசோதனைக்காக ஏன் விமானம் ஏற வேண்டும்?

கட்டாயம் தேவைப்படும் சூழல்களும் உண்டு. அறுவைக்கு முன்பே கீமோதெரபி தரத் திட்டமிட்டால் திசு நிரூபணம் வேண்டும். கட்டி ரத்தக்குழாய்களைச் சூழ்ந்து, அறுவை இயலாத நிலையிலும் அப்படித்தான். கல்லீரலுக்குப் பரவியிருந்தால் கணையத்தைத் தொடாமல் கல்லீரலில் இருக்கும் புள்ளியிலேயே திசு எடுப்பது பெரும்பாலும் சுலபம். நோய் பரவியதும் அதிலேயே உறுதியாகிவிடும்.

இன்னொரு வகை மிக முக்கியம். புற்றுநோய் போலவே தோன்றும் நோய்கள் கணையத்தில் சில உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி அவற்றில் ஒன்று. கணையம் வீங்கித் திரண்டு, பித்தநாளத்தை அழுத்தி, மஞ்சள் காமாலையையும் வரவழைத்து, அச்சு அசலாகப் புற்றுநோய் வேடம் போடும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரைக்கு அடங்கிவிடும். ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புரதத்தின் அளவு கூடியிருப்பது ஒரு தடயம். இந்தச் சந்தேகம் தீராமல் பெரிய அறுவைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நிணநீர்ப் புற்று, ஹார்மோன் சுரக்கும் அணுக்களில் உருவாகும் நியூரோ எண்டோகிரைன் கட்டி, வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி ஆகியவற்றுக்கும் சிகிச்சை வேறு. அங்கெல்லாம் பயாப்ஸியே வழி காட்டும்.

நீர்க்கட்டிகள் தனிக் கதை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும் கணைய நீர்க்கட்டிகளில் பலவற்றை ஊசி போடாமல், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தாலே போதும். ஊசி போட்டால் உள்ளிருக்கும் நீரில் சி.இ.ஏ. என்ற புரதம், அமிலேஸ் என்ற செரிமான நொதி, குளுக்கோஸ் ஆகியவற்றின் அளவுகளைப் பார்ப்பார்கள். சி.இ.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தாலோ, குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்தாலோ சளி சுரக்கும் வகை என்று சந்தேகிப்பார்கள். அது புற்றுநோய் என்பதற்கான தீர்ப்பு ஆகாது. அந்த வகை பின்னாளில் புற்றாக மாறக்கூடும் என்பதுதான் அதன் பொருள்.

கணையப் புற்றில் கூடும் ஒரு பொருளை அளக்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். பித்தநாளம் அடைபட்டிருந்தால் புற்றுநோய் இல்லாமலும் அது ஏறும். சிலருடைய உடல் பிறவியிலேயே அதைச் சுரப்பதில்லை. அவர்களுக்குப் புற்றுநோய் முற்றினாலும் எண் ஏறாது.

ஆகவே முதல் செலவு விமான டிக்கெட்டுக்கு அல்ல, இரண்டாவது கருத்துக்கு. கணைய நோய்களை அதிகம் பார்க்கும் ஒரு மையத்துக்குச் சி.டி. படங்களை அனுப்பி, அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் கூடிப் பேசும் குழுவின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். பல மையங்கள் இணையவழியில் இதைச் செய்து தருகின்றன. 'பயாப்ஸி வேண்டாம்' என்று பதில் வந்தால் ஒரு பயணமே மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் காமாலை இருந்தால் பித்தநாளத்தில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைக்கலாம் என்பார்கள். காய்ச்சலோடு கூடிய தொற்று போன்ற அவசரம் இல்லையென்றால், கணையத்துக்கென்றே எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனை ஸ்டென்ட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு ஏற்படும் வீக்கமும் நிழலும் படத்தைக் குழப்பிவிடும்.

2. எந்த வழியில் எடுப்பார்கள்?

இன்று பெரும்பாலும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வழிதான். நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய குழாயை வாய் வழியே இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் இறக்கி, சுவருக்கு அப்பால் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். கணையக் கட்டியில் இப்படி ஊசி செலுத்திய அனுபவத்தை 1992இல் டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழுவினர் வெளியிட்டார்கள். அதன் பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

ஊசிகள் இரண்டு வகை. ஒன்று அணுக்களை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசி. மற்றது நுனியில் வெட்டும் பற்கள் கொண்டு, திசுவைத் துண்டாகவே எடுக்கும் ஊசி. தன்னெதிர்ப்பு அழற்சி, நிணநீர்ப் புற்று ஆகிய சந்தேகங்களுக்கும், பின்னர் மரபணுப் பரிசோதனை செய்யவும் திசுத் துண்டு இருந்தால் நல்லது. ஊசியின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 25 கேஜ் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், 19 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 'பெரிய எண் என்றால் பெரிய ஊசி' என்று பயப்பட வேண்டாம்.

வயிற்றுத் தோல் வழியே, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் துணையோடு எடுப்பது இரண்டாவது வழி. அறுவைக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு இதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்; ஊசி போன பாதையில் புற்றணுக்கள் சிந்தும் வாய்ப்பு எண்டோஸ்கோபி வழியில் குறைவு. 'ஊசி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான். தலைப்பகுதிக் கட்டி என்றால் ஊசி நுழைந்த முன்சிறுகுடல் பகுதியே பிறகு அறுவையில் அகற்றப்பட்டுவிடும். உடல், வால் பகுதிகளுக்கு இரைப்பைச் சுவர் வழியே ஊசி போகிறது. அந்தச் சுவர் உள்ளேயே இருக்கும். அங்கே புற்று முளைத்ததாகச் சில பதிவுகள் உண்டு, அரிது. அதற்காகத் தேவையான பயாப்ஸியைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

முன்பு இரைப்பையில் அறுவையோ உடல் பருமனுக்கான பைபாஸோ செய்துகொண்டவர்கள் அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். குடலின் பாதை மாறியிருந்தால் குழாய் கணையத் தலையை எட்டாமல் போகலாம். அங்கே போய்ப் படுத்த பிறகு இது தெரியவந்தால் பயணம் வீண்.

3. மருத்துவமனையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜே.சி.ஐ. என்ற சர்வதேச மருத்துவமனைத் தர அமைப்பின் அங்கீகாரச் சின்னத்தைப் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள். அது மருத்துவமனையின் பொதுவான பாதுகாப்பு ஒழுங்கைச் சொல்லும். ஊசியைப் பிடிக்கும் கையைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 15189 தரச்சான்று இருக்கிறதா என்று கேட்பது இதற்குச் சமமாக முக்கியம். பளபளக்கும் வரவேற்பறையைப் பற்றி விளம்பரத்தில் நிறைய எழுதுவார்கள், திசுவை நுண்ணோக்கியில் படித்து நோயைச் சொல்லும் பாத்தாலஜி ஆய்வகத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வரி எழுதப்படுவது அந்த ஆய்வகத்தில்தான்.

மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை:

- இதைச் செய்யப்போகும் மருத்துவர் யார்? ஆண்டுக்குச் சுமார் எத்தனை கணையக் கட்டிகளில் ஊசி போடுகிறார்?
- எடுத்தவுடன் அறையிலேயே நுண்ணோக்கியில் பார்த்து, திசு போதுமா என்று சொல்ல ஆள் உண்டா? இல்லையென்றால் எந்த வகை ஊசி?
- கணையத் திசுக்களையே அதிகம் படிக்கும் பாத்தாலஜிஸ்ட் இருக்கிறாரா?
- முதல் முறை போதாமல் போனால் மறுமுறைக்குக் கட்டணம் உண்டா?
- சிக்கல் வந்து உள்நோயாளியாகத் தங்க நேர்ந்தால் எந்த வார்டு, எவ்வளவு முன்பணம்?
- திசு பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த திசு) சிலைடுகளையும் (கண்ணாடித் தகட்டில் வைத்த திசு) என்னிடம் தருவார்களா?

கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இடைத்தரகர் மூலம் போகிறவர்கள், அவருக்கு மருத்துவமனை கமிஷன் தருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கமிஷன் வாங்குவதாலேயே அவர் கெட்டவராகிவிட மாட்டார். ஆனால் 'உங்களுக்கு பயாப்ஸி வேண்டாம்' என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது.

4. காகிதங்கள், படங்கள், காப்பீடு

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை டைகாம் (மருத்துவப் படங்களுக்கான டிஜிட்டல் கோப்பு) வடிவில் கேட்டு வாங்குங்கள். பிலிமைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் எந்த நல்ல மருத்துவரும் கருத்துச் சொல்ல மாட்டார். ரத்தப் பரிசோதனைகள், மருந்துப் பட்டியல் (வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயரோடு எழுதுங்கள்), ஒவ்வாமைகள், பழைய அறுவைக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கி, அந்த நாட்டு மருத்துவர்கள் படிக்கும் மொழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஸ்கேனில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் எழுதப்பட்ட பெயர், திசுக் குப்பியின் லேபிளில் இரண்டு வேறு ஆட்களாக மாறிவிடக்கூடும்.

சுற்றுலா விசாவில் சிகிச்சைக்குப் போவதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. மருத்துவ விசாவும் உடன் வருபவருக்கான விசாவும் தனித்தனி. சாதாரணப் பயணக் காப்பீடு, சிகிச்சைக்காகவே மேற்கொள்ளும் பயணத்தைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கும். திட்டமிட்ட சிகிச்சையால் வரும் சிக்கலுக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் நகலைப் புரியும் மொழியில் முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் மருத்துவமனையைச் சேர்ந்தவராகவோ தொழில்முறையானவராகவோ இருக்கட்டும். உறவினரை மொழிபெயர்க்க வைத்தால் கெட்ட செய்தி நடுவழியில் நல்ல செய்தியாகிவிடும். பாசத்தில் செய்வதுதான், ஆனால் நோயாளி தவறான தகவலின் மேல் கையெழுத்திடுவார்.

5. மருந்துகளும் பயணமும் மோதும் இடம்

ரத்தத்தை இளக்கும் மருந்துகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவான நடைமுறையில் வார்ஃபரினைச் சுமார் 5 நாட்களுக்கு முன்பும், குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாட்களுக்கு முன்பும், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவற்றை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பும் நிறுத்துவார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்தில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர், செயற்கை வால்வு உள்ளவர் ஆகியோருக்கு நிறுத்துவதே ஆபத்தாகலாம். இதய மருத்துவரின் கடிதம் வேண்டும்.

கணையப் புற்றுநோயே ரத்தத்தை உறைய வைக்கும் இயல்புடையது. புற்றுநோய்க்கும் சிரை உறைவுக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூசோ 1865லேயே சொல்லிவிட்டார். நீண்ட விமானப் பயணம் இன்னொரு காரணம். மருந்தை நிறுத்திய நாட்களிலேயே பத்து மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்து பறப்பது மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதாகும். விமானத் தேதியையும் பயாப்ஸி தேதியையும் இரண்டு பக்கத்து மருத்துவர்களிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் போய் இறங்கிய பிறகு மருந்தை நிறுத்தும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசரப் பிரிவு.

சர்க்கரை நோயாளிகளுக்கு நேர மண்டலம் மாறுவதும் பட்டினி கிடப்பதும் ஒன்றாக வரும். இன்சுலின் அளவை அட்டவணையாக எழுதி வாங்குங்கள். சர்க்கரைக்கோ உடல் பருமனுக்கோ செமாக்ளூடைட் போன்ற ஊசிகளைப் போடுகிறவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இரைப்பை காலியாவதை அவை தாமதப்படுத்தும், மயக்கத்தில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு.

6. அந்த நாள்

திட உணவு குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆடும் பல், குறட்டையோடு மூச்சு நின்று வரும் தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மயக்க மருந்து தருவார்கள். பெரும்பாலோருக்கு அதன் பிறகு நினைவு இருக்காது. ஊசி கட்டிக்குள் பலமுறை முன்னும் பின்னும் நகர்ந்து வெளியே வரும். உள்ளிருப்பதைக் கண்ணாடிச் சிலைடின் மேல் தள்ளினால், சிவந்த ரத்தக்கட்டிகளுக்கு நடுவே புழு போல வெளுத்த இழைகள் தெரியும். அந்த வெள்ளை இழைதான் வேண்டியது; சிவப்பு வெறும் ரத்தம். இழைகள், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பிக்குள் போகும். இரண்டு மூன்று முறை ஊசி செலுத்துவது வழக்கம். எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அன்று முழுவதும் வண்டி ஓட்டவோ, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவோ கூடாது. மயக்கம் தெளியும் நேரத்தில் மருத்துவர் சொல்வதெல்லாம் நோயாளிக்கு மறந்துபோகும். உடன் வந்தவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

7. உடனே திரும்பிப் பறக்க வேண்டாம்

சிக்கல்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே வரும். அவற்றில் கணைய அழற்சி, ரத்தக்கசிவு, தொற்று, அரிதாகக் குடல் துளைபடுதல் ஆகியவை முக்கியமானவை. இவை முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஆகவே குறைந்தது 2, 3 நாட்களாவது மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகத் தரும் பணம் வீணாகாது.

முதுகுக்குப் பாயும் கடும் மேல்வயிற்று வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், வயிறு கல்லாக இறுகுதல்: இவற்றில் எது வந்தாலும் விடுதி அறையில் வலிமாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் இரவுநேரத் தொலைபேசி எண்ணைச் செயல்முறைக்கு முன்பே வாங்கி, ஒருமுறை அழைத்தும் பாருங்கள். தொண்டை கரகரப்பும் லேசான உப்புசமும் ஒரு நாளில் சரியாகிவிடும்.

8. திசுவை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்

அறிக்கை சில நாட்களில் வரலாம். சிறப்புச் சாயப் பரிசோதனைகள் தேவைப்பட்டால் ஒன்றிரண்டு வாரமும் ஆகும். அதற்காக அங்கேயே தங்கத் தேவையில்லை. ஆனால் அறிக்கையை யார், எந்த முகவரிக்கு அனுப்புவார், அதை விளக்க காணொளிச் சந்திப்பு உண்டா என்பதைப் புறப்படும் முன் முடிவு செய்துவிடுங்கள்.

மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கும் சாயமிட்ட சிலைடுகளும்தான் உண்மையான சொத்து. காகிதத்தில் உள்ள அறிக்கை ஒருவரின் கருத்து. பிளாக் கையில் இருந்தால் வேறொருவர் மறுபடி படிக்கலாம், மரபணுப் பரிசோதனையும் செய்யலாம். கைப்பையில் வைத்து எடுத்து வாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஃபார்மலின் நிரம்பிய குப்பியை விமானத்தில் கொண்டுவர முயல வேண்டாம். கூடவே எண்டோஸ்கோபி அறிக்கை, அல்ட்ராசவுண்ட் படங்கள், தரப்பட்ட மருந்துகளின் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி.

கணையத்தின் வழக்கமான புற்றுநோய் என்று உறுதியானால், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஏ.எல்.பி.2 போன்ற பிறவி மரபணு மாற்றங்களைத் தேடும் பரிசோதனை இன்று எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இதற்கு ரத்தமோ உமிழ்நீரோ போதும், உள்ளூரிலேயே கொடுக்கலாம். முடிவு சிகிச்சையையும் மாற்றும், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் சொல்லும்.

9. அறிக்கையைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி கணைய அணுப் பரிசோதனை முடிவுகள் ஏழு பிரிவுகளில் எழுதப்படுகின்றன. 'போதுமான திசு இல்லை' என்பது ஒரு முனை, 'புற்றுநோய்' என்பது மறுமுனை. நடுவே 'இயல்பு மாறிய அணுக்கள்', 'புற்றுநோய் எனச் சந்தேகம்' போன்றவை வரும். 'புற்றுநோய்' என்று தேர்ந்தவர் எழுதினால் அது தவறுவது மிக அரிது. எதிர்த்திசையில் அந்த நம்பிக்கை செல்லாது. கணையப் புற்றில் புற்றணுக்களைச் சுற்றி நார்த்திசு அடர்ந்து வளர்கிறது. ஊசி நாரை மட்டும் எடுத்து வந்துவிட வாய்ப்பு உண்டு. புற்றுநோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதல் ஊசியில் அது பிடிபடாமல் போகலாம். ஸ்கேன் ஒன்றைச் சொல்லி பயாப்ஸி வேறொன்றைச் சொன்னால் விஷயம் முடியவில்லை என்று பொருள்.

அப்படி நேர்ந்தால் உடனே அடுத்த டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் கொண்டுவந்த சிலைடுகளைக் கணையத் திசுக்களில் தேர்ந்த வேறொரு பாத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். சில சமயம் விடை ஏற்கெனவே அந்தக் கண்ணாடியில் இருக்கும். இல்லையென்றால் மறுபயாப்ஸி, திசுத் துண்டு எடுக்கும் ஊசியில், கட்டியின் வேறு பகுதியிலிருந்து எடுக்கச் சொல்லலாம். அது வெளிநாட்டில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடர்ந்து சிகிச்சை தரப்போகும் மையத்திலேயே அந்த வசதி இருந்தால் அங்கே செய்வதே மேல்.